கழிவுநீரில் கரைந்த உப்பு எங்கே போகிறது?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் பகுதி ஊர்களில் நம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டது தோல் தொழில். பிள்ளைகளின் படிப்பும் பெண்மக்களின் திருமணமும் அந்த வருமானத்தில்தான் நடந்தன. அதே தொழிலின் கழிவுநீர் நம் கிணறுகளைக் கெடுத்ததும் உண்மையே. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனது என்று அத்தீர்ப்பு குறிப்பிட்டது.

இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே எது நீங்குகிறது, எது நீங்குவதில்லை என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

1. படிய வைத்தல்: தோல் துண்டும் மயிரும் கம்பி வலையில் பிடிபடும். சுண்ணாம்பு, படிகாரம் போன்றவற்றைச் சேர்த்தால் நுண்ணிய அழுக்கு திரண்டு அடியில் சேறாகப் படியும்.

2. நுண்ணுயிர் முறை: பெரிய தொட்டியில் காற்றை ஊதினால் நுண்ணுயிர்கள் பெருகி, கரைந்துள்ள கரிமக் கழிவை உண்டு தீர்க்கும். நாற்றம் பெருமளவு குறையும்.

3. குரோமியத்தை மீட்டல்: பதனிடும்போது தோல் ஏற்காத குரோமியம் நீரோடு வெளியேறும். அந்த நீரைத் தனியாகப் பிடித்து மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்தால் குரோமியம் படிந்துவிடும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பதனிடப் பயன்படுத்தலாம். மாசும் குறையும், பணமும் மிஞ்சும்.

4. உப்பு: இதுதான் பெரிய சிக்கல். பச்சைத்தோல் கெடாமலிருக்கத் தடவும் உப்பு, ஊறவைக்கும்போது நீரில் கரைகிறது. படிகாரத்தால் அது படியாது. நுண்ணுயிர் அதை உண்ணாது. ஆர்.ஓ. சவ்வில் நீரைச் செலுத்தித்தான் பிரிக்க வேண்டும். மிஞ்சும் கடும் உப்புநீரைக் கொதிகலன் நீராவியால் வற்றவைக்க வேண்டும். செலவு மிக அதிகம். முடிவில் உப்பு மூட்டைகள் குவிந்து நிற்கும்.

ஆக, பிரித்தெடுத்த மாசு மறைந்துவிடுவதில்லை. சேறாகவோ உப்பாகவோ எங்கோ இருக்கிறது. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் அப்படிச் சேர்த்து வைத்த கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது.

எனவே, கரைந்த பின் பிரிப்பதைவிடக் கரையாமல் தடுப்பதே எளிது. ஊறவைக்கும் முன் தோலை உதறி உப்பைத் தட்டி எடுப்பதும், குரோம் நீரைப் பிற கழிவோடு கலக்காமல் பிடிப்பதும் தொழிற்கூடத்திலேயே செய்யக்கூடியவை. தொழில் நடத்தும் சகோதரர்கள் இவற்றில் கவனம் வைத்தால் தொழிலும் நிலைக்கும், அண்டை வீட்டாரின் கிணறும் பிழைக்கும்.

வீட்டில் இருப்போர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்போ குரோமியமோ போகாது. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடவே செய்யும். குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதிக்கலாம். குரோமியத்தையும் சேர்த்துச் சோதிக்கக் கேளுங்கள். முடிவு தெரியும் வரை அந்த நீரைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குடிக்கக் கொடுக்க வேண்டாம்.