ஒருநாள் மலைநடை

காலையிற் புறப்பட்டு மாலைக்குள் மீளும் மலைநடையை எளிய பொழுதுபோக்கென எண்ணுவோர் பலர். உடலில் வலியும் உள்ளத்தில் ஊக்கமும் இருந்தாற் போதும், வழி தானே புலப்படும் என்பது அவர் கருத்து. நாம் பயின்று கண்டது வேறு. மலைநடையின் பெரும்பகுதி வீட்டிலேயே நிகழ்ந்து முடிகின்றது. எஞ்சிய சிறுபகுதியே காலால் நடப்பது. எப்பொழுது ஏறுவது என்று வினவுமுன், எப்பொழுது திரும்புவது என்று வினவுபவனே மலைநடைக்குத் தக்கவன். இவ்வொன்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இவ்வறிவு தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளால் இயன்றது. நன்னன் என்னும் தலைவனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறும் ஆற்றுப்படை அது. அதன்கண் வள்ளலின் புகழ் மட்டுமன்றி, வழியின் இடர்களும் வரிசையாகக் கூறப்பட்டுள்ளன. பாம்பு ஒடுங்கும் குழிகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள், கால் வழுக்கும் நீர்க்கரைகள் ஆகியவற்றைப் புலவர் முன்னரே உணர்த்துகின்றார். வழிகள் கவர்த்துச் செல்லும் இடங்களில், பின்வரும் புதியோர் மயங்காதவாறு புல்லை முடிந்து அடையாளம் இடுக என்றும் அறிவுறுத்துகின்றார். சென்றறிந்தவன் செல்லாதவனுக்குக் கூறுதலே வழியறிவின் தொடக்கம் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த துவாக்குடியை நம் புறப்பாட்டிடமாகக் கொள்வோம். மேற்கே அணித்தாக இருப்பது எறும்பீசர் கோயில் கொண்ட திருவெறும்பூர்க் குன்று. படிகளில் ஏறி இறங்கித் தம் மூச்சின் அளவை அறிந்துகொள்ள விழைவார்க்கு அது போதும். அடுத்து, புதுக்கோட்டைச் சாலையை ஒட்டிய நார்த்தாமலைக் குன்றுகள் உள. விசயாலய சோழீச்சரம் நிற்கும் மேலமலை அவற்றுள் ஒன்று. வெறும் பாறையும் முட்புதரும் மிக்கது. மூன்றாவதாக, வடக்கே துறையூருக்கு அப்பால், ஏறத்தாழ 500 முதல் 1000 மீட்டர் வரை உயர்ந்த பச்சைமலை காடும் ஊரும் கலந்து கிடக்கின்றது. சிறியதிற் பழகிப் பெரியதற்குச் செல்லுதலே முறையாகும்.

இம்முறையை அறிந்தும் நாம் ஒருமுறை தவறினோம். பங்குனித் திங்களில், நார்த்தாமலை தாழ்ந்த குன்றுதானே என்று காலை ஒன்பது மணிக்கு மேல் ஏறத் தொடங்கினோம். பதினொரு மணிக்குப் பாறை அனலாயிற்று. கொண்டுசென்ற நீரும் தீர்ந்தது. நிழலுக்காகப் புதரினுள் நுழைந்த சிறிது நேரத்தில் வந்த திசையை மறந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எம்மை அழைத்து வழியில் விட்டு, "ஏறும்போது எல்லாரும் வெயிலைப் பார்க்கிறதில்லை, தம்பி, இறங்கும்போதுதான் பார்க்கிறாங்க" என்றார். அன்று முதல் கீழ்க்காணும் நான்கையும் உறுதியாய்க் கொண்டோம்.

முதலாவது, படம். இந்திய நில அளவைத் துறையார் வெளியிடும் படங்களுள் இரண்டு செண்டிமீட்டர் ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும் படமே நடைக்கு ஏற்றது. பழைய எண்முறையில், துவாக்குடியும் நார்த்தாமலையும் 58 ஜே என்னும் தொகுதியிலும், பச்சைமலை அதற்கு வடக்கேயுள்ள 58 ஐ என்னும் தொகுதியிலும் அடங்கும். சமவுயரக் கோடுகள் நெருங்கிய இடம் செங்குத்தானது. அகன்ற இடம் சாய்வு குறைந்தது. இத்தகைய படங்களுக்கு அடிப்படையான பெருநில அளவையை லாம்டன் என்பார் 1802-ஆம் ஆண்டு சென்னையிலே தொடங்கினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மீது ஏற்றுகையில், அரை டன் எடையுள்ள அவருடைய கோணமானி கயிறறுந்து மோதிப் பழுதுற்றது. அவர் மனந்தளராது தாமே அதனைச் சீர்செய்தார். அத்துணை உழைப்பின் பயனை நாம் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுகின்றோம். ஆயினும் படம் வரைந்தபின் ஒற்றையடிப் பாதைகள் முள் மூடி மறைந்திருத்தல் கூடும். ஆகையாற் படத்தில் கண்டதை மலையடியிலுள்ள ஊராரிடம் கேட்டுத் தெளிக.

இரண்டாவது, காலம். ஸ்காத்லாந்து மலையேறுநராகிய நெய்ஸ்மித் என்பவர் 1892-இல் ஒரு கணக்கு வகுத்தார். மூன்று மைலுக்கு ஒரு மணியும், இரண்டாயிரம் அடி ஏற்றத்திற்கு மேலும் ஒரு மணியும் கொள்க என்பது அது. நம் அளவையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்திற்கு மற்றொரு மணி எனலாம். 6 கிலோமீட்டர் நீளமும் 600 மீட்டர் ஏற்றமும் உடைய ஒரு வழிக்கு, இக்கணக்கின்படி 2 மணி 12 நிமிடம் ஆகும். நம் வெயிலுக்கும் முட்காட்டிற்கும் அதிற் பாதியைக் கூட்டினால் 3 மணி 18 நிமிடமாம். காலை 6 மணிக்குப் புறப்படுவோர் ஒன்பதரைக்குள் உச்சியை அடைவர். எனவே திரும்பும் வேளை 10 மணி என முன்னரே எழுதிவைக்க. உச்சி எட்டாவிடினும் 10 மணிக்குத் திரும்புக. உச்சி நாளையும் அவ்விடத்திலேயே இருக்கும்.

மூன்றாவது, பருவமும் நீரும். மார்கழியும் தையும் நம் பக்கத்து மலைகளுக்கு இனிய திங்கள்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேலே பெய்த மழை, கீழே வானம் தெளிந்திருக்கும்போதே ஓடையில் வெள்ளமாய் இறங்கும். மாசிக்குப் பின் புல் உலர்ந்து நெருப்புக்கு இரையாகின்றது. சுனைநீரை நம்பாது, ஆளுக்கு 3 லிட்டரேனும் சுமந்து செல்க. அதிற் பாதி தீர்ந்தவுடன், மணி எதுவாயினும் திரும்புக.

நெருப்பைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் இறங்கி வந்த நடையாளர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் உயிரிழந்தனர். அவருட் பலர் இளையோர். சரிவின் கீழே பற்றிய தீ, தனக்கு மேலுள்ள புல்லை வெப்பத்தால் முன்னரே உலர்த்திவிடுவதால், சமநிலத்தைக் காட்டிலும் விரைந்து மேலேறும்; மனிதன் ஓடும் வேகம் அதற்கு ஈடாகாது. ஆதலாற் புகை கண்டவுடன் மேல்நோக்கி ஓடுதல் ஆகாது. புல்லில்லாத பாறையையோ முன்னரே எரிந்து கரிந்த இடத்தையோ நாடுக. இவற்றினும் மேலானது, உலர்பருவத்தில் புல்மலைக்குச் செல்லாதிருத்தலே.

நான்காவது, அனுமதியும் செய்தியும். காப்புக்காட்டினுள் அனுமதியின்றி நுழைதல் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றமாகும். குரங்கணித் துயருக்குப் பின் அவ்வாண்டிலேயே மலைநடைக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. 2024-இல் தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தின்கீழ் 40 வழிகள் வழிகாட்டிகளுடன் திறக்கப்பட்டன. அனுமதிச்சீட்டை வெறுந்தடையெனக் கருதற்க. நாம் எங்குள்ளோம் என்பதை அறிந்தவர் ஒருவர் வெளியே இருக்கின்றார் என்பதே அதன் பொருள். அவ்வண்ணமே வழியின் பெயர், உடன்செல்வோர் பெயர், மீளும் வேளை ஆகிய மூன்றையும் தாளில் எழுதி வீட்டாரிடமேனும் விடுதியிலேனும் கொடுத்துச் செல்க.

மாணவ நண்பர்களே! பண்டைக் கூத்தன் வழியில் முடிந்த புல்லும், நாம் வீட்டில் விட்டுச்செல்லும் தாளும் ஒரே தொழிலைச் செய்வன. முன்னது பின்வருவோனுக்கு வழி காட்டும்; பின்னது நம்மைத் தேடி வருவோனுக்கு வழி காட்டும். ஆதலின் அத்தாளை எழுதி முடித்த பின்னரே காலணியை எடுத்து மாட்டுக. மாலையில் நாமே வந்து அதனைக் கிழித்தெறியும்போதுதான் அன்றைய நடை இனிது நிறைவேறியதாகும்.