மங்கலும் மறைதலும் – ஒரு சொல் விளக்கம்

ஒரு பொருள் தன் நிறத்தையோ, வலிமையையோ, இருப்பையோ இழப்பதைக் கூறுவதற்குத் தமிழிலே பல சொற்கள் உள. மேலோட்டமாகப் பார்க்கும்போது இவை ஒரே பொருளன போலத் தோன்றும். ஆயினும் உற்று நோக்கின், இழந்தது மீளுமா, மீளாதா என்பதையும் அச்சொற்கள் உடன் உணர்த்துவதைக் காணலாம். இவ்வேறுபாட்டை அறிந்து பேசுதல் நல்ல மொழிப் பயிற்சியாகும். வன்னி மண்ணிலே அது பல குடும்பங்களின் மனத்தைத் தொடும் விடயமுமாகும்.

நிறம் குறைதல்

கோபுரத்தின் வர்ணம் வெயிலிலும் மழையிலும் சில ஆண்டுகளிலே மங்கி விடுகின்றது. மங்குதல் என்பது ஒளிக்கும் நிறத்துக்கும் பொதுவான சொல். மங்கியதில் நிறம் குறைந்திருக்கும், முற்றாக நீங்கியிராது. துணியின் நிறம் நீங்குவதைச் சாயம் போதல் என்பர். வெளிறுதல் என்பது நிறம் வெண்மைப்படுதல். முதிரை, பாலை முதலிய மரங்களின் உறுதியான உட்பகுதியை வைரம் என்கின்றோம். அவ்வைரம் இல்லாத மரத்தை வெளிறு என்பது பழைய வழக்கு. திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் அறியாமையையும் வெளிறு என்றே சொல்கின்றார்.

பிரிவினால் உடலில் உண்டாகும் நிறமாற்றத்துக்குப் பசலை என்று பெயர். ‘பசப்புறு பருவரல்’ என ஓர் அதிகாரம் முழுவதையும் திருவள்ளுவர் இதற்கே ஒதுக்கியுள்ளார். பிரிந்தவர் வந்து சேர்ந்தால் பசலை நீங்கிவிடும். எனவே, இது மீளக்கூடிய இழப்பாகும்.

வலிமை குறைதல்

கமக்காரருக்கு இச்சொற்களை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வாடிய பயிர் தண்ணீர் கண்டதும் நிமிரும். கருகிய பயிர் நிமிர்வது அரிது. இலையுதிர்த்த மரம் மீண்டும் துளிர்க்கும்; பட்ட மரம் துளிர்க்காது.

குளத்தைப் பற்றிய சொற்களும் இவ்வாறானவையே. வற்றிய குளம் மாரி மழையில் தானே நிரம்பும். தூர்ந்த குளத்துக்கோ மனிதர் கை வேண்டும். பண்டைக்காலத்து வவுனிக்குளம் நெடுங்காலம் காடடர்ந்து கிடந்து, 20 ஆம் நூற்றாண்டிலே திருத்தப்பெற்று மீண்டும் வயல்களுக்கு நீர் தந்தது. அழிந்தது என்று கைவிட்டிருந்தால் அது மீண்டிராது.

இருப்பு மறைதல்

விளக்கு நூர்ந்து போயிற்று என்று சொல்ல நம் முன்னோர் தயங்கினர். விளக்கைக் குளிர வைத்தல், அமர்த்தல் என்றனர். நன்னூல் இத்தகைய வழக்கை மங்கலம் என்று கூறும். செத்தார் என்னாது துஞ்சினார் என்பதும் அவ்வகையினதே. இறத்தல் என்னும் சொல்லுக்கும் கடத்தல் என்பதே அடிப்படைப் பொருள். கடந்து போன காலத்தை இறந்தகாலம் என்பது இதனாலேயாம்.

ஆலயத்திலே தெய்வ இருப்பைச் சாந்நித்தியம் என்பர். அது குன்றும், பெருகும் என்பது மரபு. ஜீர்ணம் என்றால் தேய்ந்து பழுதுற்றது; உத்தாரணம் என்றால் உயர்த்துதல். இவ்விரண்டும் சேர்ந்ததே ஜீர்ணோத்தாரணம். 2009 ஆம் ஆண்டு யுத்தம் முடிவுற்றபின் மீளக்குடியமர்ந்த மக்கள், பற்றை மூடிக் கிடந்த ஆலயங்களைத் துப்புரவாக்கி விளக்கேற்றியமை யாவரும் அறிந்ததே. சாமி போய்விட்டது என்று அவர்கள் எண்ணவில்லை.

சைவ சித்தாந்தமும் இதற்கு இடந்தருகின்றது. இறைவனின் ஐந்தொழில்களுள் அழித்தலும் மறைத்தலும் வெவ்வேறாகவே வைக்கப்பட்டுள்ளன. அழித்தலும்கூட முற்றாக இல்லாமற் போவதன்று; தோன்றிய இடத்திலே ஒடுங்குதலாம். அமாவாசையன்று சந்திரன் நம் கண்ணுக்குத்தான் மறைகின்றது. வானத்தில் அது இருந்துகொண்டே இருக்கின்றது.

காணாமையைக் குறிக்கும் சொற்கள்

இவ்வேறுபாடு மிகவும் கனத்துப் போகும் இடம் ஒன்றுண்டு. ‘காணாமற் போனார்’ என்பதில் போதல் அவருடைய செயலே. வேறொருவர் அங்கு இல்லை. ‘காணாமல் ஆக்கப்பட்டார்’ என்பது செயப்பாட்டுவினை. செய்தவர் இன்னார் என்று கூறாவிடினும், செய்தவர் ஒருவர் உண்டு என்பதை அது உணர்த்தும். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலருகே போராட்டத்தைத் தொடங்கிய உறவுகள் இரண்டாவது சொல்லையே வற்புறுத்தியமைக்குக் காரணம் இதுவாகும்.

சட்டத்திலும் சொல் மாறியது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், காணாமற் போனவரை இறந்தவராகப் பதிவு செய்ய வழி செய்தது. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டமோ, இறந்தார் என்று கூறாது, ஆள் காணப்படவில்லை என்பதை மட்டும் கூறும் சான்றிதழைப் பெறவும் இடமளித்தது. மரணச் சான்றிதழை வாங்க மனம் ஒப்பாத தாய்க்கு அந்த ஒரு சொல்லின் வேறுபாடு பெரிது.

ஆலயத்திலும் அவ்வாறே. நாள் தெரியாதவிடத்துத் திதி இல்லை. ஆதலால் திவசம் செய்வதா, பிறந்த நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்விப்பதா என்று கலங்குவோர் உளர். மோட்ச அர்ச்சனை செய்து மனம் ஆறுவோரும் உளர்; ஆண்டுதோறும் மகனின் பெயருக்குச் சுகம் வேண்டி அர்ச்சனை செய்விப்போரும் உளர். எச்சொல்லைச் சொல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அக்குடும்பத்துக்கே உரியது. “ஆள் இருக்கிறாரோ?” என்று வரிசையில் நிற்போர் வினவுதல் தகாது. பற்றுச்சீட்டு எழுதுபவர் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டு, அவர்கள் சொன்னவாறே எழுதுதல் வேண்டும்.

வாடியதைப் பட்டது என்றும், மறைந்ததை அழிந்தது என்றும் அவசரப்பட்டுச் சொல்லாதிருத்தல் நாவுக்கு அடக்கமும் அயலவருக்கு ஆறுதலும் ஆகும். மறைத்தலுக்கு அடுத்து அருளலை வைத்த எம்பெருமான், காத்திருக்கும் உள்ளங்களுக்கெல்லாம் அருள் புரிவானாக.