மெலிந்த புரவி

செட்டிநாட்டில் காரைக்குடியை அடுத்த பள்ளத்தூர், கானாடுகாத்தான் முதலிய ஊர்ப்புறங்களில் ஐயனார் கோயில்கள் பல உண்டு. மரம் செறிந்த காவுகளின் நடுவே, கழுத்தை நிமிர்த்தி, செவிகளை விடைத்துக்கொண்டு, மண்ணாற் செய்த புரவிகள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றைச் செய்பவர் குயவர் குலத்து வேளார். புரவியெடுப்பு விழாவன்று ஊரார் ஒன்றுகூடி, மாலை சூட்டிய மண்புரவிகளைத் தோளிற் சுமந்து சென்று ஐயனார் திருமுன் நிறுத்துவர். மழை பெய்யவும் பிணி நீங்கவும் நேர்ந்துகொண்ட கடன் அது.

மண்புரவிக்குப் பசியில்லை, குளம்பு வளர்வதில்லை, முதுகிற் சேணம் உராய்ந்து புண்ணாவதுமில்லை. உயிருள்ள குதிரைக்கோ இவையெல்லாம் உண்டு. இளமையில் வண்டியிழுத்தும் ஆளைச் சுமந்தும் உழைத்த குதிரை, கால் தளர்ந்தபின் என்ன ஆகிறது? வாங்குவாரின்றித் தெருவில் விடப்பட்டு, குப்பையிற் கிடக்கும் தாளையும் நெகிழிப்பையையும் மென்று, சாலையோரத்தில் மெலிந்து நிற்கும் குதிரைகளைப் பல ஊர்களிற் காணலாம். அத்தகைய குதிரையை மீட்டு, உடல் தேற்றி, நல்லதோர் இல்லத்திற் சேர்ப்பது எவ்வாறு என்பதே இங்குக் கூறப்படுவது.

குதிரையைப் பேணத் தெரியாமல் இழப்பது பாண்டிநாட்டுக்குப் புதிதன்று. பாண்டிய மன்னன் குதிரை வாங்குவதற்காகத் தந்த பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டதும், இறைவனே குதிரைச் சேவகனாக வந்ததும் யாவரும் அறிந்த வரலாறு. அத்திருப்பெருந்துறையாகிய ஆவுடையார்கோவில் செட்டிநாட்டுக்கு அண்மையிலேயே உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ தம் பயணக் குறிப்பில் ஒரு செய்தி தருகிறார். பாண்டிய மன்னன் ஆண்டுதோறும் 2000-க்கு மேற்பட்ட குதிரைகளை ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து வரும் வணிகரிடம் பெரும்பொன் கொடுத்து வாங்குவான். ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட எஞ்சுவதில்லை. காரணம், அவற்றைப் பேணும் முறையை இந்நாட்டார் அறியாமையே என்கிறார். குதிரை மருத்துவரை வணிகர் தம்முடன் அழைத்து வருவதில்லை. வேறெவரும் வந்துவிடாமலும் தடுத்தனராம். குதிரைகள் பிழைத்துவிட்டால் மறு ஆண்டு விற்பனை குறையுமன்றோ! பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் என்பவரும், இங்கு வந்த நல்ல குதிரைகள் நாற்பது நாள் முளையிற் கட்டிக் கொழுக்க வைக்கப்பட்டு, பின்னர்ப் பயிற்சியின்றி ஓட்டப்பட்டுக் கெட்டன என்று எழுதியுள்ளார். வேற்றுநாட்டார் கூற்றில் மிகை கலத்தல் இயல்பு. ஆயினும், இருவரும் ஒரே குறையைச் சுட்டுவதனால், அதனை முற்றும் பொய்யென்று தள்ளுதல் இயலாது.

பாரதத்தில் விராடன் அரண்மனையில் மறைந்துறைந்த நகுலன் குதிரை காக்கும் தொழிலையே மேற்கொண்டான். நளன் கதையிலும் குதிரை நூலறிவு பேசப்படுகிறது. வாகுகன் என்னும் பெயருடன் இருதுபன்னனுக்குத் தேர்ப்பாகனாக இருந்த நளன், விதர்ப்ப நாட்டுக்கு விரைய வேண்டிய நாளில், மெலிந்து தோன்றிய குதிரைகளைத் தேர்ந்து பூட்டினான். அரசன் கண்டு சினந்தான். தேரோ காற்றெனப் பறந்தது. மெலிவுக்கு உள்ளே இருக்கும் வலிமையைக் காணும் கண் நளனுக்கு இருந்தது. நலிந்த குதிரையை மீட்கும் பணியில் முதலில் வேண்டுவதும் அத்தகைய கண்ணே.

புகைவண்டி நிலையத்து வாயிலில் ஜட்கா வண்டிகள் காத்து நின்ற காலம் கழிந்துவிட்டது. மோட்டார் வண்டிகள் பெருகப் பெருகக் குதிரைக்கு வேலை குறைந்தது. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதிலும் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் ஏறத்தாழ 3.4 இலட்சமே, அதற்கு முந்தைய 2012-ஆம் ஆண்டுக் கணக்கைவிட இது 45.6 விழுக்காடு குறைவு. எஞ்சியவற்றுட் பல, செங்கற் சூளைகளிலும், திருமண ஊர்வலங்களிலும், உதகை போன்ற மலையூர்களிலும் கடற்கரைகளிலும் சவாரித் தொழிலிலும் உழல்கின்றன. சுற்றுலாப் பருவம் முடிந்ததும் சவாரி வருவாய் குன்றும். தீனிச் செலவோ குன்றுவதில்லை. அப்போது குதிரையை அவிழ்த்து விட்டுவிடுவோர் எல்லாரும் கொடியவர் அல்லர். தம் பிள்ளைகளுக்கே உணவு தேட இயலாத வறியவரும் அவருள் உண்டு. நீலகிரியில் மசினகுடிப் பக்கத்தில் இத்தகைய குதிரைகளுக்கும் கழுதைகளுக்குமென ஓர் அடைக்கலம் ஏற்பட்டது இக்காரணம் பற்றியே.

அடைக்கலத்துக்கு வரும் குதிரையை உடனே மற்றக் குதிரைகளோடு சேர்த்தல் ஆகாது. சில வாரங்கள் தனியே நிறுத்துவர். கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்றுநோய் மனிதரையும் பற்றக்கூடியது. ஆதலின் குருதி எடுத்துச் சோதித்தல் வேண்டும். அரியானாவில் இசார் நகரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி நிலையம் இச்சோதனைக்குப் பெயர்பெற்றது. குதிரைக்கு இரணசன்னியும் எளிதில் வரும். ஆதலின் சிறு புண்ணாயினும் அதற்குரிய தடுப்பூசி போடுவர்.

அடுத்து மெலிவின் அளவை அறிதல். 1983-இல் அமெரிக்க நாட்டில் டெக்சாசைச் சேர்ந்த ஹென்னக்கி என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் இதற்கு ஓர் அளவு முறை வகுத்தனர். கழுத்து, முதுகின் முன்மேடு, தோட்பட்டைப் பின்புறம், விலாவெலும்பு, இடுப்பு, வாலின் அடி ஆகிய ஆறிடங்களைக் கண்ணாற் கண்டும் கையால் தடவியும் 1 முதல் 9 வரை மதிப்பிடுவர். 5 என்பது நன்னிலை. 1 என்றால் எலும்பின்மேல் தோல் போர்த்த உருவம். மயிர் அடர்ந்த குதிரையைக் கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். விலாவின்மேல் விரலை வைத்தால் உண்மை தெரியும்.

இனித்தான் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் வருகிறது. பட்டினி கிடந்த குதிரையைக் கண்டதும் இரக்கமுள்ளவர் செய்ய நினைப்பது யாது? ஒரு கூடை கொள்ளை வேகவைத்து முன்னே வைப்பதுதான். அதுவே அக்குதிரைக்கு நஞ்சாகிவிடும். நெடுநாள் உணவின்றி இருந்த உடல் தன் கொழுப்பையும் தசையையுமே எரித்து உயிரைக் காத்திருக்கும். அந்நிலையில் மாவுச்சத்து மிகுந்த தானியம் திடீரென உள்ளே சென்றால், குருதியிலுள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய சத்துகள் விரைந்து உயிரணுக்களுக்குள் இழுக்கப்பட்டுக் குருதியில் அவற்றின் அளவு மிகத் தாழும். இதயமும் மூச்சும் தடுமாறும். சில நாட்களில் குதிரை மாண்டுபோம். உண்டதனால் இறந்தது என்று கண்டோர் வியப்பர். மேலும், குதிரையின் இரைப்பை அதன் உடலளவை நோக்க மிகச் சிறியது. உண்டதை வாந்தியெடுக்கவும் அதற்கு இயலாது. “இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்னும் பழமொழியை ஆன்றோர் மனிதரை நோக்கிச் சொன்னார்கள். மெலிந்த குதிரைக்கும் கொள்ளு விலக்காதல் வியப்பே.

பின் எதைக் கொடுப்பது? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியார் பட்டினியால் மெலிந்த குதிரைகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். இலை மிகுந்த குதிரைமசால் உலர்தீவனமே ஏற்றதெனக் கண்டனர். அதில் மாவுச்சத்துக் குறைவு. புரதமும் மக்னீசியமும் மிகுதி. முதல் மூன்று நாட்களில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சுமார் அரைக்கிலோ அளவே கொடுப்பர். இரவிலும் இந்த முறை தவறலாகாது. பிறகு அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, வேளைகளைக் குறைத்து, பத்து நாள் கழிந்தபின் விரும்பிய அளவு உண்ண விடுவர். தூய நீர் எப்போதும் அருகில் இருத்தல் வேண்டும். உடல் பழைய எடையை அடைய மூன்று முதல் ஐந்து திங்கள் ஆகும். உடலெடையில் பாதியளவு இழந்துவிட்ட குதிரையும், எழ மாட்டாமல் மூன்று நாள் கிடையாய்க் கிடந்த குதிரையும் பிழைப்பது அரிது.

சில குதிரைகள் தீனி இருந்தும் மெலியும். அவற்றின் வாயைத் திறந்து பார்த்தல் வேண்டும். குதிரையின் பற்கள் தேயத் தேய ஈற்றிலிருந்து மேலெழுந்துகொண்டே இருப்பவை. சீராகத் தேயாத கடைவாய்ப் பல்லின் விளிம்பு கூர்மையாகிக் கன்னத்தையும் நாவையும் கிழிக்கும். மென்றதை விழுங்க முடியாமல் உருண்டையாகத் துப்பிவிடும். அரத்தால் அவ்விளிம்பை மருத்துவர் தேய்த்துவிட்டால் சில நாட்களிலேயே உண்ணத் தொடங்கும். குளம்போ ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவப்பட வேண்டியது. பல திங்கள் கவனியாது விட்ட குளம்பு நீண்டு முன்புறம் வளைந்து நடையையே கெடுக்கும். ஒரே நாளில் முழுதும் வெட்டிவிட்டால் தசைநார் வலிக்கும். பல தவணையாகவே குறைப்பர். லாடம் அடிக்கும் கைத்தொழிலாளர் இன்று அருகிவிட்டமையால், மருத்துவர் கிடைத்தாலும் இவர் கிடைப்பது அரிதாகிறது.

உடற்புண் ஆறினாலும் மனப்புண் ஆற நாளாகும். சாட்டையடி பட்ட குதிரை, கையை உயர்த்தினாலே தலையைத் திருப்பிக்கொள்ளும், செவியைப் பின்னுக்கு மடிக்கும், உதைக்கவும் முற்படும். இதனைக் கெட்ட குதிரை என்று பெயரிடுவோர் பலர். அஞ்சிய குதிரை என்பதே பொருந்தும். நாள்தோறும் ஒரே ஆள், ஒரே வேளையில், அரவமின்றி அருகே சென்று நிற்பார். முதலில் தொடவும் மாட்டார். குதிரை தானாக மூக்கை நீட்டி முகரும் நாள்வரை பொறுத்திருப்பார். கழுத்தில் கை வைக்க ஒரு திங்களும், கால் தூக்கக் கொடுக்க மற்றொரு திங்களும் ஆகலாம்.

எல்லாக் குதிரைகளும் பிழைப்பதில்லை. இக்கடுமையான உண்மையை நேருக்கு நேர் கண்டவர் தொரதி புரூக் என்னும் ஆங்கிலப் பெண்மணியார். முதல் உலகப் போரில் பாலைநிலப் படைகளோடு சென்ற குதிரைகளுட் பல்லாயிரம், போர் முடிந்ததும் தாயகம் திரும்பாமல் எகிப்து நாட்டிலேயே விற்கப்பட்டன. 1918 செப்டம்பர் 23-இல் மைசூர், ஜோத்பூர் குதிரைப்படையினர் ஐபா நகரைக் கைப்பற்றிய போரும் அப்பாலைநிலப் போர்களுள் ஒன்றே. 1930-இல் படைத்தலைவராகிய தம் கணவருடன் கெய்ரோ சென்ற அம்மையார், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கல்வண்டியும் சுமைவண்டியும் இழுத்து, எலும்புந் தோலுமாய், சில கண்ணிழந்தும் நின்ற பழம் போர்க்குதிரைகளைக் கண்டார். 1931-இல் மார்னிங் போஸ்ட் என்னும் இலண்டன் நாளிதழுக்கு ஒரு மடல் எழுதினார். படித்தோர் பொருள் அனுப்பினர். மூன்றாண்டுகளுக்குள் ஏறத்தாழ 5000 குதிரைகளை அவர் விலைகொடுத்து மீட்டார்.

மீட்டவற்றுட் பெரும்பாலானவை தேறும் நிலையைக் கடந்தவை. அம்மையார் அவற்றுக்கு மெத்தென்ற வைக்கோற் படுக்கையும் நல்ல தீனியும் தந்து, சில நாள் இளைப்பாறவிட்டு, பின்னர் நோவின்றி உயிர் நீங்கச் செய்தார். இஃது அறமா என்று ஐயுறுவோர் உண்டு. உயிர்க்கொலை விலக்கிய மரபில் வந்தோர்க்கு அவ்வையம் எழுதல் இயல்பே. ஆனால், நிற்கவும் இயலாது, கிடக்கவும் இயலாது, நாள்முழுதும் வலியால் நடுங்கும் குதிரையை மருந்தாலும் மாற்ற முடியாதபோது, அவ்வலியை நீட்டிப்பது யார் மனநிறைவுக்காக என்னும் வினாவும் எழுகிறது. அம்மையார் இம்முடிவை எளிதாக எடுத்தவர் அல்லர். அடைக்கலம் நடத்துவோர் இன்றும் தேர்ந்த மருத்துவரைக் கலந்தே இதனை முடிவு செய்கின்றனர்.

போர்க்குதிரைகள் ஒருவாறு மீட்கப்பட்டன. கெய்ரோத் தெருக்களிலோ வேறு குதிரைகளும் கழுதைகளும் அதே நிலையில் இருந்தன. அவற்றின் உடையவரும் பட்டினியால் வாடுவோர் என்பதை அம்மையார் உணர்ந்தார். விலைக்கு வாங்கிக்கொண்டே போவதால் இத்துன்பம் தீராது. உடையவரிடம் இருக்கும்போதே குதிரை நலமுற வேண்டும். ஆகவே 1934-இல் கட்டணமில்லா மருத்துவமனை ஒன்றைக் கெய்ரோவில் நிறுவினார். அவர் 1955-இல் அந்நகரிலேயே காலமானார். அவர் பெயரால் அமைந்த நிறுவனம் இந்தியா உட்படப் பல நாடுகளில் உழைக்கும் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் பணிபுரிகிறது.

இந்நாட்டில், மதுரையிற் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் 1953-இல் மாநிலங்களவையில் விலங்குவதைத் தடுப்பு மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அம்முயற்சியின் பயனாக 1960-இல் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. நோயாலும் மூப்பாலும் வேலைக்குத் தகாத விலங்கை வேலை வாங்குதலும், பசியால் வாடுமாறு கைவிடுதலும் அச்சட்டப்படி குற்றம். 2015-இல் பம்பாய் உயர்நீதிமன்றம், மும்பையில் உல்லாசப் பயணத்துக்கு ஓடிய விக்டோரியாக் குதிரை வண்டிகளைச் சட்டத்துக்கு மாறானவை என்று தீர்த்தபோது, அத்தொழிலை நம்பியிருந்த குடும்பங்களுக்கு மறுவாழ்வு தேடித் தருமாறும் ஆணையிட்டது. வண்டிக்காரரை மறந்த குதிரைக்காப்பு நெடுநாள் நில்லாது.

உடல் தேறிய குதிரைக்கு இல்லம் தேடுவது இறுதி வேலை, எளிதன்று. குதிரை இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் வாழக்கூடியது. ஆசையாற் கேட்பவர் பலர். அத்தனை ஆண்டும் தீனி போட வல்லவர் சிலரே. ஆகவே அடைக்கலத்தார் கேட்பவரின் இடத்துக்கு நேரிற் செல்வர். கொட்டிலில் நிழலும் காற்றும் உண்டா, முள்வேலி இன்றி உலவ நிலம் உண்டா, குளம்பு சீவவும் பல் தேய்க்கவும் ஆள் கிடைப்பாரா என்று பார்ப்பர். மீண்டும் விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, வைத்துக்கொள்ள இயலாவிடில் அடைக்கலத்துக்கே திருப்பித் தருவது என்று எழுத்தில் உறுதி பெறுவர். சில திங்கள் கழித்துச் சொல்லாமற் சென்று பார்த்தலும் உண்டு. குதிரை கூட்டமாக வாழும் இயல்பினது. தனித்து நின்றால் ஏங்கும். அடைக்கலத்தில் ஒன்றோடொன்று கழுத்துரசி நின்று பழகியவற்றைப் பிரிக்காமல் இரண்டாகவே அனுப்ப முயல்வர். இரண்டுக்கு இடமில்லை என்போர்க்கு, ஆடோ கழுதையோ முன்பே துணையாக இருக்கிறதா என்று கேட்பர்.

சவாரிக்கு உதவாத முதிய குதிரையை ஏற்பார் அரியர். அத்தகையது அடைக்கலத்திலேயே, மரநிழலில், தன் மீதி நாளைக் கழிக்கும். அதற்குரிய தீனியையும் இடத்தையும் கணக்கில் ஒதுக்கிய பின்னரே, வாயிலில் வந்து நிற்கும் அடுத்த குதிரைக்குக் கதவு திறக்கப்படும்.