கை சுடாத ராக்கெட்

தீபாவளி வந்தால் தாராவி வானம் பளபளக்கும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அப்படித்தான். சர் என்று ராக்கெட் வாணம் மேலே போகும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். பெரியவர்களும் அண்ணாந்து பார்ப்போம்.

மறுநாள் காலையில் என்ன நடக்கும்? சில பிள்ளைகள் சந்து சந்தாகப் போவார்கள். வெடிக்காத பட்டாசுகளைப் பொறுக்குவார்கள். மருந்தைப் பிரித்துக் காகிதத்தில் கொட்டுவார்கள். தீக்குச்சி மருந்தைச் சுரண்டி அதோடு சேர்ப்பார்கள். ஒரு குழாயில் அடைப்பார்கள்.

"என்னடா செய்யறே?" என்று அம்மா கேட்பாள்.

"ராக்கெட் செய்யறேம்மா. அது எப்படி மேலே போகுதுன்னு பார்க்கணும்."

அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். மருந்தைப் பிடுங்கித் தண்ணீரில் கொட்டுவாள்.

மருந்தைப் பிடுங்கியது சரி. உரசினாலே அது தீப்பிடிக்கும். இரும்புக் குழாயில் அடைத்தால் அது ராக்கெட் ஆகாது. குண்டு ஆகிவிடும். விரல் போகும். கண் போகும். உயிரும் போகலாம்.

ஆனால் பிள்ளை கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதையும் தண்ணீரில் கொட்டலாமா? கூடாது. அந்தக் கேள்விக்கு ஆபத்து இல்லாத பதில் உண்டு. அதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

ராக்கெட் எப்படிப் போகிறது?

ஒரு பலூனை ஊதுங்கள். வாயைக் கட்டாமல் கையை விடுங்கள். என்ன ஆகிறது? காற்று பின்னால் சீறுகிறது. பலூன் முன்னால் ஓடுகிறது.

ராக்கெட்டும் இப்படித்தான். உள்ளே மருந்து எரிகிறது. புகையும் சூடான காற்றும் கீழே வேகமாக வருகின்றன. ராக்கெட் மேலே போகிறது. நியூட்டன் என்ற அறிவியலாளர் 1687இல் இந்த விதியை எழுதினார். ஒன்றைக் கீழே தள்ளினால், தள்ளியது மேலே போகும்.

பலூன் ஏன் கண்டபடி சுற்றுகிறது? அதை நேராகப் பிடிக்க எதுவும் இல்லை. ராக்கெட் வாணத்தில் நீளக் குச்சி இருக்கிறதே, எதற்கு? நேராகப் போவதற்கு. பெரிய ராக்கெட்டுகள் சிலவற்றில் குச்சிக்குப் பதில் சிறகுகள் இருக்கும்.

நம் நாட்டு ராக்கெட்

ராக்கெட் நமக்குப் புதிது அல்ல. 1780இல் காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூரில் ஒரு போர் நடந்தது. மைசூர்ப் படை ஒரு பக்கம். ஆங்கிலேயக் கம்பெனிப் படை மறு பக்கம். ஐதர் அலி, திப்பு சுல்தான் படையில் ராக்கெட்டுகள் இருந்தன. இரும்புக் குழாயில் மருந்தை அடைத்து, மூங்கிலில் கட்டிய ராக்கெட்டுகள் அவை. அந்தப் போரில் கம்பெனிப் படை தோற்றது.

அது சண்டைக்கான ராக்கெட். பிறகு அறிவுக்கான ராக்கெட் வந்தது. அதற்கும் மும்பைக்கும் தொடர்பு உண்டு. செம்பூரை அடுத்தது டிராம்பே. அங்கே அணு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதை நிறுவியவர் ஹோமி பாபா. அவர் தலைமையில் இருந்த அணுசக்தித் துறைதான் 1962இல் விண்வெளி ஆய்வுக் குழுவை அமைத்தது. விக்ரம் சாராபாய் அதன் தலைவர்.

அந்தக் குழுவின் வேலைக்கு ஓர் இளைஞர் பம்பாய்க்கு வந்தார். நேர்முகத் தேர்வில் சாராபாயும் இருந்தார். அந்த இளைஞருக்கு வேலை கிடைத்தது. அவர் ராமேஸ்வரத்துக்காரர். பெயர் அப்துல் கலாம்.

1963 நவம்பர் 21. கேரளத்தில் தும்பா என்ற மீனவர் ஊர். அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட்டின் பாகங்களைச் சேர்த்த இடம் ஒரு மாதா கோயில் கட்டடம். அன்று பளு தூக்கும் எந்திரம் பழுதானது. எல்லாரும் கை கொடுத்து ராக்கெட்டைத் தூக்கி வைத்தார்கள். ராக்கெட்டைப் பொருத்துவதும் பாதுகாப்பும் கலாமின் பொறுப்பு.

பாதுகாப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். பெரிய அறிவியலாளர்களும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

செருப்புக் கடைக்காரர் செய்த ராக்கெட்

தாராவியில் தோல் வேலை செய்பவர்கள் பலர். பை தைக்கிறார்கள். செருப்பு செய்கிறார்கள். அமெரிக்காவிலும் செருப்புக் கடை வைத்திருந்த ஒருவர் இருந்தார். ஊர் நார்ஃபோக். பெயர் ஆர்வில் கார்லைல். வாணம் செய்வதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு.

அவருடைய சகோதரர் ராபர்ட் விளையாட்டு விமானங்கள் விடுவார். பறப்பதைப் பற்றிப் பேசும்போது காட்டுவதற்கு ஒரு சிறிய ராக்கெட் தேவைப்பட்டது. 1954இல் சகோதரர்கள் இருவரும் அதைச் செய்தார்கள். உடல் காகிதக் குழாய். சிறகுகள் லேசான மரம். இரும்பு கிடையாது. மேலே போனதும் ஒரு சிறிய குடை விரியும். ராக்கெட் மெதுவாகக் கீழே இறங்கும். அதை மறுபடி விடலாம்.

அப்போது ஹாரி ஸ்டைன் என்பவர் ராக்கெட் சோதனைத் தளம் ஒன்றில் வேலை பார்த்தார். சிறுவர்கள் வீட்டில் மருந்து கலந்து ராக்கெட் செய்வது ஆபத்து என்று அவர் எழுதினார். அதைக் கார்லைல் படித்தார். தம்முடைய ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பினார். ஸ்டைன் விட்டுப் பார்த்தார். நன்றாகப் பறந்தன.

1957 அக்டோபர் 4. சோவியத் நாடு ஸ்புட்னிக் என்ற செயற்கைக்கோளை அனுப்பியது. உலகமே அதைப் பற்றிப் பேசியது. அமெரிக்கச் சிறுவர்களுக்கு ராக்கெட் ஆசை மேலும் வளர்ந்தது. தீக்குச்சி மருந்தை இரும்புக் குழாயில் திணித்தார்கள். பலருக்குக் காயம். சிலர் இறந்தார்கள்.

அடிப்பதா? தடை போடுவதா? ஸ்டைன் வேறு வழி தேடினார். அதே 1957இல் ஒரு சங்கம் தொடங்கினார். அதன் பெயர் நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி. பொழுதுபோக்காகச் சிறு ராக்கெட் விடுபவர்களின் தேசியச் சங்கம் அது. இன்றும் நடக்கிறது.

சங்கத்தின் விதிகள்

சங்கம் சில விதிகளை எழுதியது. இவை அவற்றுள் முக்கியமானவை.

1. மருந்தைக் கையால் தொடாதே. கலக்காதே. ஆலையில் செய்து, சோதித்து, மூடி வரும் மருந்துக் குழாயை மட்டும் பயன்படுத்து.

2. ராக்கெட்டைக் காகிதம், மரம், பிளாஸ்டிக் போன்ற லேசான பொருளில் செய்.

3. தீக்குச்சியால் பற்ற வைக்காதே. மின்கம்பி இழுத்து, தூரத்தில் நின்று பொத்தானை அழுத்து.

4. சிறு ராக்கெட் என்றால் 15 அடி தள்ளி நில். பெரிது என்றால் 30 அடி தள்ளி நில்.

5. எண்ணிக்கை சொல்லி விடு. எல்லாரும் பார்க்கட்டும்.

6. பற்றவில்லை என்றால் உடனே கிட்டே போகாதே. மின் இணைப்பை எடு. ஒரு நிமிடம் பொறு.

7. மின்கம்பியிலோ உயர்ந்த மரத்திலோ மாட்டினால் விட்டுவிடு. ஏறி எடுக்காதே.

ஆறாவது விதியை இன்னொரு முறை படியுங்கள். நம் தீபாவளிக்கும் அது பொருந்தும். பற்றாத வெடியைக் குனிந்து பார்க்கக் கூடாது.

சங்கம் 1959 முதல் போட்டிகள் நடத்துகிறது. எந்த ராக்கெட் அதிக உயரம் போகிறது? எது அதிக நேரம் பறக்கிறது? 2003 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி உண்டு. ராக்கெட்டுக்குள் பச்சை முட்டையை வைத்து அனுப்ப வேண்டும். முட்டை உடையாமல் திரும்ப வேண்டும். முட்டையைக் காக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தன் கையையும் கண்ணையும் காக்கத் தெரியாதா?

நம் பிள்ளைகளும் செய்கிறார்கள்

2023 பிப்ரவரி 19 அன்று மாமல்லபுரம் பக்கத்தில் பட்டிபுலம் கிராமத்திலிருந்து ஒரு ராக்கெட் பறந்தது. பள்ளி மாணவர்கள் சேர்ந்து செய்த 150 சிறிய செயற்கைக்கோள் கருவிகள் அதில் இருந்தன. அப்துல் கலாம் பெயரில் நடந்த திட்டம் அது.

கல்லூரி மாணவர்களுக்கும் சிறு ராக்கெட் போட்டி வந்திருக்கிறது. அஸ்ட்ரோநாட்டிக்கல் சொசைட்டி ஆஃப் இந்தியா என்ற அமைப்பும், இன்-ஸ்பேஸ் என்ற அரசு அமைப்பும் அதில் சேர்ந்திருக்கின்றன. இஸ்ரோவும் துணை நிற்கிறது.

இவை எல்லாம் அனுமதி பெற்று, பெரியவர்கள் மேற்பார்வையில் நடப்பவை. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் வெடிமருந்து செய்வது குற்றம். 1884இலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது.

மருந்து இல்லாத ராக்கெட்

மருந்து இல்லாமல் ராக்கெட் விட முடியுமா? முடியும். தண்ணீரும் காற்றும் போதும்.

தேவையான பொருள்கள்: சோடா, கோலா வந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று. பாட்டில் வாயில் இறுக்கமாகப் பொருந்தும் ரப்பர் கார்க். பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி. 5 மீட்டர் ரப்பர் குழாய். சைக்கிள் பம்பு. கொஞ்சம் அட்டை.

செய்யும் முறை: கார்க்கின் நடுவே ஊசியைக் குத்தி மறுபக்கம் வரவையுங்கள். ஊசியையும் பம்பையும் குழாயால் இணையுங்கள். சைக்கிள் கடையில் கேட்டால் பொருத்தித் தருவார்கள். பாட்டிலில் அட்டைச் சிறகுகள் ஒட்டுங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றுங்கள். கார்க்கால் மூடுங்கள். கம்பியோ கயிறோ போட்டுக் கார்க்கைக் கட்டக் கூடாது. அது தானாகக் கழல வேண்டும். வாய் கீழே இருக்கும்படி பாட்டிலை ஒரு சட்டத்தில் நேராக நிறுத்துங்கள்.

எல்லாரும் 5 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். ஒரு பெரியவர் பம்பு அடிக்கட்டும். உள்ளே காற்று சேரச் சேர, தண்ணீரை நெருக்கும். கார்க் கழலும். தண்ணீர் கீழே சீறும். பாட்டில் மேலே பாயும்! பலூனில் பார்த்த அதே விதிதான்.

கவனம்! கண்ணாடி பாட்டில், தகர டப்பா கூடவே கூடாது. கீறல் விழுந்த பாட்டில் வேண்டாம். பாட்டில் கிளம்பவில்லை என்றால் அதன் மேல் குனியாதீர்கள். பம்புப் பக்கம் குழாயைக் கழற்றிக் காற்றை இறக்குங்கள்.

எங்கே விடுவது? சந்தில் வேண்டாம். மேலே மின்கம்பி இருக்கும். பக்கத்தில் கூரை இருக்கும். பள்ளி மைதானம் நல்லது. ஆசிரியரிடம் கேட்டு, அவரையும் கூட வைத்துக் கொண்டு செய்யுங்கள்.

இன்னும் பார்க்க ஆசையா? வொர்லியில் நேரு அறிவியல் மையம் இருக்கிறது. 1985இல் திறந்தார்கள். தாராவியில் இருப்பவர்கள் மாகிமில் ரயில் ஏறி மகாலட்சுமியில் இறங்கலாம். ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளோடு போய் வாருங்கள். அங்கே எழுதி வைத்திருப்பதை நீங்களே படித்துச் சொல்லுங்கள்.

தீக்காயம் பட்டால்

உடனே காயத்தின் மேல் குழாய்த் தண்ணீரை ஊற்றுங்கள். 20 நிமிடம் ஊற்ற வேண்டும். பற்பசை, மை, எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. ஐஸ் வைக்கக் கூடாது. கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

படித்ததைப் பேசுவோம்

1. இரும்புக் குழாயில் மருந்தை அடைத்தால் ஏன் ஆபத்து?

2. ராக்கெட் வாணத்தில் குச்சி எதற்கு?

3. தும்பாவில் முதல் ராக்கெட் எந்த ஆண்டு கிளம்பியது?

4. ராக்கெட் சங்கத்தின் விதிகளில் நம் வீட்டுத் தீபாவளிக்குப் பொருந்துபவை எவை?

5. உங்கள் பிள்ளை கேட்டு, நீங்கள் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி எது? யாரைக் கேட்டால் பதில் கிடைக்கும்?

எழுதிப் பாருங்கள்

ராக்கெட். பாதுகாப்பு. விதி. சங்கம். செயற்கைக்கோள். அனுமதி.

வரும் தீபாவளிக்கு உங்கள் சந்தில் ஒட்ட ஓர் அறிவிப்பு எழுதுங்கள். மூன்று வரி போதும். பிள்ளைகள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று எழுதுங்கள். உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். பெரிய எழுத்தில் எழுதுங்கள்.