தீபாவளிக் காசை முதல் வாரத்திலேயே கொடுங்கள்

ஆயுத பூஜைக்குப் பொரிகடலை வாங்கும் நாளில் தொடங்கி, காணும் பொங்கல் கூட்டம் கலையும் வரை எங்கள் வீட்டில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. ஒட்டடை, ஜவுளி, பலகாரம், ஊருக்கு டிக்கெட் என்று ஒன்று முடிந்தால் இன்னொன்று. தினமும் இரவு நன்றிக்குரியவற்றை டைரியில் எழுதி வையுங்கள் என்கிறார்கள். முறுக்குப் பிழிந்த கையால் பேனா பிடிக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் நன்றியையும் ஒரு வேலையாக்கி, காலண்டரில் தேதி குறித்துவிட்டேன்.

அப்படிக் குறித்ததில் முதல் தேதி, தீபாவளிக்கு முன்னால் வரும் சம்பள நாள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தீபாவளிக் காசும் அன்றே போய்விடும். பல வீடுகளில் பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கவர் வரும். அதை வாங்கிக்கொண்டு துணி எடுக்க வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு எப்போது ஓடுவது? “காசு கைக்கு வர்றப்ப கடையில பிள்ளைங்க அளவுக்கு ஒண்ணும் இருக்காதும்மா” என்று அக்கா ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னார். வட்டிக்கு வாங்கித் துணி எடுத்துவிட்டு, கவரில் வந்ததை அப்படியே வட்டிக்காரரிடம் கொடுக்கிறவர்களும் உண்டு.

எவ்வளவு கொடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். போனஸ் சட்டம் ஆலை, நிறுவனத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சமாக வகுத்தது 8.33 சதவீதம். வருடச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். வீட்டு வேலை செய்பவர்கள் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. நாமாகக் கொடுத்தால்தான் உண்டு. பழைய புடவையைக் கொடுத்துவிட்டு அதில் கழித்துக்கொள்ளக் கூடாது. பண்டிகையன்றும் மறுநாளும் லீவு விட வேண்டும்; தேய்க்க ஆளில்லாத பாத்திரம் நம் பாடு. பலகாரமும் அப்படித்தான். நாம் தின்று தீராத அதிரசத்தை நாலாம் நாள் கட்டிக் கொடுப்பதற்கு, கொடுக்காமலே இருக்கலாம்.

தையல்கடை அண்ணனுக்கு நான் செய்யும் மரியாதை, ஆவணியிலேயே துணியைக் கொடுத்துவிடுவது. கடைசி வாரத்தில் விடிய விடிய மிஷின் ஓடும் கடையில் “என்னுது மட்டும் அவசரம்” என்று நிற்பதில்லை.

தீபாவளி இரவு இன்னொரு வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2018-லிருந்து பட்டாசுக்கு அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 வரைதான். எட்டு மணி ஆனதும் பிள்ளைகள் கைக்கு விளக்குமாறு போய்விடும். வெடிக்காமல் கிடப்பதை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, தனிச் சாக்கில் கட்டி வைக்கிறோம். காலையில் வரும் தூய்மைப் பணியாளர்கள் வெறுங்கையால் அள்ளும்போது ஒன்று வெடித்தால் யார் பொறுப்பு? எதிர்வீட்டில் முதலில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

உறவுகளுக்கு வாழ்த்துப் படம் அனுப்புவதை நான் விட்டுவிட்டேன். வந்த படத்தையே திருப்பி அனுப்புவதில் என்ன இருக்கிறது? அதற்குப் பதில் ஒருவரைப் போனில் கூப்பிட்டு, அவர் செய்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்கிறேன். “சித்தி, போன வருஷம் நீங்க கிளறிக் கொடுத்த லேகியத்துலதான் இவருக்கு வயிறு சரியாச்சு” என்றேன். சித்திக்குக் குரலே மாறிவிட்டது. அந்த லேகியத்துக்காகச் சுக்கும் திப்பிலியும் இடித்த கையைப் பற்றி அதுவரை யாரும் பேசியிருக்கவில்லை போலிருக்கிறது.

மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, முதலில் அதற்குப் பொங்கல் ஊட்டுகிறோம். அடுப்படியில் வெந்தவர்களுக்கு மட்டும் கடைசிப் பந்தி! எங்கள் வீட்டில் இதை மாற்றிவிட்டோம். சமைத்தவர்கள் முதலில் உட்கார வேண்டும், ஆண்கள் பரிமாற வேண்டும். முதல் வருடம் மாமியார் கூச்சப்பட்டு எழுந்து எழுந்து போனார். இப்போது “பாயசத்தை இன்னும் கொஞ்சம் ஊத்துடா” என்று மகனை அதட்டுகிறார்.

இத்தனையும் எல்லோராலும் முடியாது, தெரியும். அந்த ஒரு மாதச் சம்பளத்தையாவது விட்டுவிடாதீர்கள். முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.