ஸ்கான் செய்த படம் பழுதானால்

1990 இல் சரவணையை விட்டு வெளியேறிய போதும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து நடந்த போதும், எம்மவர் காணி உறுதியோடு கைக்கெட்டிய ஒன்றிரண்டு படங்களையும் கொண்டு சென்றனர். றங்குப்பெட்டிக்குள் ஒட்டி மங்கிப்போன அப்படங்களைப் பிள்ளைகள் இன்று ஸ்கான் செய்து கணினியில் வைக்கின்றனர். நல்ல முயற்சிதான். ஆனால் சில மாதங்களின் பின் திறந்து பார்த்தால் மணப்பெண்ணின் முகம் வரை தெளிவாயிருக்கிறது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். இது ஏன்?

முதலில் பழுது எங்கே என்று காண்போம். எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் கோடு விழுந்தால் குற்றம் ஸ்கானரில். கண்ணாடியைத் துடைத்து மறுபடி ஸ்கான் செய்தால் பெரும்பாலும் சரியாகும். ஒரு படத்தில் மட்டும், ஓரிடத்திலிருந்து கீழே குலைந்திருந்தால் பழுது கோப்பில்.

ஜேபெக் கோப்பு படத்தைச் சிறு சிறு கட்டங்களாக்கி, ஒவ்வொன்றின் நிறத்தையும் முன்னைய கட்டத்திலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்றே எழுதுகிறது. கிணற்றடி வாய்க்கால் நடுவில் உடைந்தால் அதற்கு அப்பாலுள்ள பாத்திகளுக்குத் தண்ணீர் போகாதல்லவா? அதுபோலவே, இடையில் ஓர் எழுத்துக் கெட்டாலும் அதன் பின் வருபவை நிறம் மாறும், இடம் நகரும். பிரதி பாதியில் நின்றிருந்தால் மிகுதி சாம்பலாகும்.

பழுதான கோப்பைத் திறந்து மீண்டும் சேமிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் சாம்பலும் படத்தின் பகுதியாகிவிடும். அதை அப்படியே விட்டு வேறு பிரதி தேடுங்கள்: ஸ்கான் செய்த கணினி, பென்ட்ரைவ், கனடாவிலுள்ள அண்ணருக்கு அனுப்பிய மின்னஞ்சல். வாட்ஸ்அப்பில் போனது சிறுத்திருக்கும். ஆனாலும் உடைந்த பெரிய படத்தைவிட முழுதான சிறிய படம் மேல். மெமரி கார்டில் அழிந்துபோனதாயின் அதில் வேறெதையும் பதியாமல் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடலாம். மீட்பவற்றை வேறொரு டிஸ்க்கில் சேமிக்க வேண்டும்.

இல்லாத பகுதியைத் தாமே நிரப்பித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் இன்று உண்டு. அவை தருவது அழகான முகமாயிருக்கலாம், ஆனால் அது எம் தாயின் முகமல்ல. காணி உறுதியில் இது இன்னும் ஆபத்து. 2013 இல் டேவிட் கிறீசல் என்ற ஜேர்மானியர், சில ஸெராக்ஸ் இயந்திரங்கள் ஸ்கான் செய்கையில் 6 ஐ 8 ஆக மாற்றியதைக் கண்டறிந்தார். பார்வைக்கு ஒரு பழுதும் தெரியவில்லை! ஆகவே உறுதியை ஸ்கான் செய்ததும் பரப்பையும் குழியையும் கடதாசியோடு ஒப்பிட்டு வாசியுங்கள்.

ஸ்கான் செய்தாயிற்றென்று மூலப்படத்தை எறிய வேண்டாம். முதற் பிரதியை டிஃப் வடிவில் வைப்பது நல்லது. இடம் கூடப் பிடிக்கும், ஆனால் திறந்து சேமிக்கும்போது தரம் குறையாது. ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று உறவினரிடம் இருக்கட்டும். பிரதி செய்து முடிந்ததும் ஒவ்வொரு படத்தையும் முழு அளவில் திறந்து, அடிவரை பாருங்கள். கோப்புறையில் தெரியும் சிறு மாதிரிப்படத்தை நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் தனியே சேமிக்கப்பட்டது. பென்ட்ரைவை எடுக்குமுன் கணினியில் ‘வெளியேற்று’ என்பதை அழுத்துங்கள்.