பாய்லர் தண்ணீர் குடிப்பதில்லை

பிரிட்டனில் அக்டோபர் குளிர் தொடங்கியதும், கோடை முழுக்கச் சும்மா கிடந்த ஹீட்டிங்கைப் போடுகிறோம். ரேடியேட்டர் சூடேறுவதில்லை. பாய்லர் முகப்பில் பிரஷர் முள் 0.5 பாருக்கும் கீழே கிடக்கிறது. வைலன்ட் என்றால் எஃப்22, ஐடியல் லாஜிக் என்றால் எஃப்1 என்று திரையில் வரும். உடனே ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். அவற்றில் சில பாய்லரையே பாழாக்கும்.

நம்பிக்கை: பிரஷர் குறைந்தால் பாய்லர் வெடித்துவிடும்.

வெடிக்காது. தண்ணீர் போதவில்லை என்று தெரிந்ததும் பாய்லர் தானே நின்றுகொள்கிறது. அந்தக் குறியீடு அதைத்தான் சொல்கிறது.

நம்பிக்கை: ஷவரில் தண்ணீர் மெலிதாக வருகிறது, பாய்லர் பிரஷரை ஏற்ற வேண்டும்.

இரண்டும் வேறு. காம்பி பாய்லரில் குழாய்க்கு வரும் வெந்நீர் தெருக் குழாயின் அழுத்தத்தில் வருகிறது. முள் காட்டுவது ரேடியேட்டர்களுக்குள் சுற்றும் தண்ணீரின் அழுத்தத்தை.

நம்பிக்கை: ஏற்றுவதுதான் ஏற்றுகிறோம், கொஞ்சம் கூடுதலாகவே ஏற்றிவிடலாம்.

பெரும்பாலான வீடுகளுக்கு, பாய்லர் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் போதும். 1 பார் அழுத்தம் தண்ணீரைச் சுமார் 10 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும். மாடி வீட்டுக்கு அது தாராளம். சூடானதும் முள் தானாகவே ஏறும். 3 பாரைத் தொட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே தள்ளிவிடும்.

ஆகவே முதலில் பாய்லரை அணைத்து ஆறவிடுங்கள். அடியில் வெள்ளிப் பின்னல் போட்ட ஹோஸ் ஒன்றும், அதன் இரு முனையிலும் வால்வும் இருக்கும். சில மாடல்களில் ஹோஸுக்குப் பதில் சாவியோ நெம்புகோலோ இருக்கும். கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். ஒரு வால்வை முழுதாகத் திறந்து, மற்றதை மெதுவாகத் திருப்புங்கள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். முள்ளிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். வேண்டிய அளவு வந்ததும் இரண்டையும் இறுக மூடுங்கள். ஒன்றை அரைகுறையாக விட்டால்கூட முள் ஏறிக்கொண்டே போகும். வேலை முடிந்ததும் ஹோஸைக் கழற்றிவிட வேண்டும் என்பது பிரிட்டனின் குடிநீர் விதி.

நம்பிக்கை: வாரா வாரம் தண்ணீர் ஏற்றுவது சகஜம்தான்.

இதுதான் பெருங்கேடு. ரேடியேட்டர்களில் சுற்றுவது மூடிய வளையத்துக்குள் அடைபட்ட ஒரே தண்ணீர். அது செலவாவதே இல்லை. ரேடியேட்டரில் காற்றைத் திறந்துவிட்ட பிறகு ஒருமுறை குறைவது இயல்பு. மறுபடி மறுபடி குறைந்தால், தண்ணீர் எங்கோ போகிறது.

ரேடியேட்டர் வால்வுகளின் அடியில் காய்ந்த டிஷ்யூவை ஒற்றிப் பாருங்கள். அங்கே ஈரமில்லையென்றால் வெளிச்சுவருக்குப் போங்கள். பாய்லர் இருக்கும் இடத்துக்கு நேராக, சுவரைப் பார்த்து வளைந்த சிறு செம்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனி சொட்டினாலோ, கீழே செங்கல்லில் வெள்ளைக் கறை படிந்திருந்தாலோ, பாதுகாப்பு வால்விலிருந்துதான் தண்ணீர் போகிறது. பெரும்பாலும் காரணம் விரிவுக்கலன். 100 லிட்டர் தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடானால் சுமார் 2 லிட்டர் பெருகும். அதற்கு இடம் கொடுப்பது அந்தக் கலனில் உள்ள காற்று. காற்று இறங்கிப்போனால் இடமில்லை. முள் 3 பாருக்கு எகிறும், வால்வு தண்ணீரைத் தள்ளும், ஆறியதும் முள் பூஜ்யத்துக்கு விழும். நாம் மறுபடி நிரப்புகிறோம், அது மறுபடி கொட்டுகிறது.

ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் புதுத் தண்ணீரோடு ஆக்ஸிஜனும் உள்ளே போகிறது. எஃகு ரேடியேட்டர் துருப்பிடித்துக் கறுப்புச் சேறாகி பம்பில் அடைகிறது. துருவைத் தடுக்கக் கலந்திருந்த மருந்தும் நீர்த்துப்போகிறது. லண்டன் தண்ணீராயிருந்தால் சுண்ணாம்பும் சேரும்.

தண்ணீர் ஏற்றுவது வீட்டுக்காரர் செய்யக்கூடிய வேலை; பாய்லரின் மூடியைத் திறப்பது அப்படியல்ல. அதற்கு கேஸ் சேஃப் பதிவு பெற்றவரையே கூப்பிடுங்கள், அடையாள அட்டையையும் கேட்டுப் பாருங்கள். வாடகை வீடென்றால், ஹீட்டிங்கைப் பழுதுபார்த்துத் தரும் பொறுப்பு இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டு உரிமையாளருடையது. எந்தத் தேதியில் முள் எங்கே நின்றது என்று குறித்து, முகப்பைப் படமெடுத்து அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.